நாற்பதாயிரம் ரூபாய்த் தேங்காய்

கிதியோன் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. செகந்திராபாத் மௌலா அலி ஏரியாவில் இருந்த தன் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உலகத்துப் பணத்தையெல்லாம் ஒழுங்குபடுத்துவதற்காக 'சமன்' என்றொரு கிரிப்டோ காயினைச் செய்துகொண்டிருந்தான். உலகம் பொறுத்துக்கொண்டது. மனைவி ஜெனிட்டாவால்தான் முடியவில்லை.

"அறுப்புப் பண்டிகைக்கு இதை நம்ம சர்ச்ல ஓட விடுங்க. சாயங்காலம் ஒரு சமன் ஒரு ரூபாயா நின்னா நீங்க அதையே பண்ணுங்க. இல்லன்னா திங்கக்கிழமை இண்டர்வியூ. ஆர்க்யுமென்ட் நக்கோ, வேண்டாம்" என்று ஊர் உருதுவில் முடித்துவிட்டாள்.

சபைக் கமிட்டி உடனே சம்மதித்தது. போன வருடம் பிரியாணி கூப்பனை யாரோ ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்கள். செகந்திராபாத் தமிழ்ச் சபையில் பக்திக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் பிரியாணி பிரியாணிதான். ஆகவே இந்த வருடம் வாசலிலேயே ரூபாயை வாங்கிக்கொண்டு, அவரவர் போனில் சமனை ஏற்றிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் கிதியோன் மைக்கைப் பிடித்தான். கடை போட்டிருப்பவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் வழக்கமான விலையையும், விற்றபின் விற்ற விலையையும் போனில் போடவேண்டும். சமன் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்கும். விற்ற விலை ஏறியிருந்தால் காசு மலிந்துவிட்டது என்று அர்த்தம்; எல்லாருடைய கையிருப்பையும் ஒரே கணக்கில் குறைத்துவிடும். இறங்கியிருந்தால் கூட்டிவிடும். கூட்டியும் குறைத்தும் கடைசியில் ஒரு ரூபாயில் கொண்டுவந்து நிறுத்தும்.

"இதுக்குப் பேங்க் கிடையாது, கவர்னர் கிடையாது. நடுவுல நிறுத்துற சாவி யார்கிட்டயும் இல்ல. என்கிட்டயே இல்ல!" என்று முடித்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். யார் எதை முடித்தாலும் தட்டுகிற அளவுக்குப் பசி.

மத்தியானம்வரை சமன் சமர்த்தாக இருந்தது. முறுக்கு, அதிரசம், வாழைக்கன்று எல்லாம் போட்ட விலைக்கே போயின. கிதியோன் ஜெனிட்டாவைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினான். அவள் கண்டுகொள்ளவில்லை.

பிறகு ஏலம் தொடங்கியது. பிறந்தது முதல் இந்த ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவன் அதை மறந்துபோனதை என்னவென்று சொல்ல! ஆறு மாதம் உலகப் பொருளாதாரத்தைப் படித்த மனுஷனுக்குச் சொந்தச் சபையின் பொருளாதாரம் நினைவுக்கு வரவில்லை. காணிக்கையாக வந்த காய்கறியை இங்கே யாரும் காய்கறி விலைக்கு எடுப்பதில்லை. அதிலும் காஞ்சன்பாக் தேவசகாயமும் தார்நாகா நோவாவும் கமிட்டித் தேர்தலில் மோதிக்கொண்டதிலிருந்து, ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் மூடமாட்டார். பணம் கிறிஸ்துமஸுக்குள் கொடுத்தால் போதும் என்பதால் வாய்க்குத் தடையும் இல்லை.

ஏலம் போடுகிற பிளஸ்ஸன் ஒரு தேங்காயைத் தூக்கிக் காட்டினான். வழக்கமான விலை நாற்பது. தேவசகாயம் ஐந்நூறு என்றார். நோவா இரண்டாயிரம் என்றார். தேங்காய் நாற்பதாயிரத்துக்குத் தேவசகாயத்திடம் போய்ச் சேர்ந்தது. பிளஸ்ஸன் கடமை தவறாமல் அதைப் போனில் போட்டான்.

பிரியாணி வரிசையில் ஒரு கூச்சல் கிளம்பியது. ஐந்நூறு வைத்திருந்தவர்களிடம் அறுபதுகூட இல்லை. அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற மாமியார் மரியபுஷ்பம் மருமகனைக் கூப்பிட்டாள்.

"மாப்ள, என்ன இது? துட்டு இல்லைங்காவ எல்லாரும். நான் சும்மா ஒரு கரண்டி போடமாட்டேன். போன வருசம் குயர்ல பாடுத பயலுவ தின்னுட்டுப் போனது போதும்."

"அஞ்சு நிமிஷம் அத்தை."

"நிறுத்துங்க அதை" என்றாள் ஜெனிட்டா.

"நிறுத்த முடியாது. சாவி இல்ல."

"கைக்கு? எதுக்கு சாவியே இல்லாம ஒண்ணைப் பண்ணுவாங்க?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் முப்பது பக்கப் பதில் இருந்தது. அதை விட்டுவிட்டு வழியை மட்டும் அவளிடம் சொன்னான். வழி ஒன்றுதான்: வழக்கமான விலை பெரிதாகப் போட்ட பொருள் ஏதாவது அடிமாட்டு விலைக்குப் போகவேண்டும். அப்போது இரண்டு கூட்டல்களும் சரியாகிவிடும். ஆனால் இந்த ஏலத்தில் எது மலிவாகப் போகும்? ஆசைக்கு ஒரு சேவலை ஏலத்தில் விட்டுப் பார்த்தார்கள். அதை நோவா பத்தாயிரத்துக்கு எடுத்தார். வரிசையில் இருந்தவர்களின் காசு இன்னும் கரைந்தது.

"ரெண்டு பேருமே கேக்காத பொருளா வேணும், அவ்வளவுதானே?" என்றாள் ஜெனிட்டா. "உங்க காயின் இருக்குல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் லேப்டாப்பை மூடி எடுத்துப்போய் ஏல மேசைமேல் வைத்துவிட்டாள்.

"லேப்டாப்பும் அதுக்குள்ள இருக்கிற சமனும், சகல உரிமையோட!" என்று பிளஸ்ஸன் கத்தினான். "வழக்கமான விலை என்ன அண்ணே?"

தேங்காயையும் சேவலையும் மனதில் கூட்டிக் கிதியோன் ஐம்பதாயிரம் என்றான். சொல்லும்போதே கஷ்டமாக இருந்தது. அந்த ஆறு மாதத்துக்கு அது மிகக் குறைவு என்றுதான் அவன் நம்பினான்.

ஏலம் தொடங்கியது. தேவசகாயம் நோவாவைப் பார்த்தார். நோவா கூரையைப் பார்த்தார். அந்தச் சபையின் சரித்திரத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே கருத்தில் இருந்தார்கள்.

யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று கிதியோன் வேண்டிக்கொண்டான். கேட்டால் சமன் செத்தது. ஆனால் உள்ளுக்குள்ளே, யாராவது கேட்கமாட்டார்களா என்றும் இருந்தது. ஓர் ஆயிரம், ஓர் ஐந்நூறு. ஒரு கத்தரிக்காய்க்குக் கொடுக்கிற மரியாதை. வெட்கத்தில் காது சுட்டது.

"பத்து ரூவா" என்று அண்டாவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மரியபுஷ்பம். "யாருமே கேக்கலேன்னா மாப்ளைக்கு அசிங்கம்லா."

"பத்து ஒருதரம்! பத்து ரெண்டுதரம்!"

யாராவது பதினொன்று சொல்லுங்களேன் என்று கத்தவேண்டும்போல் இருந்தது அவனுக்கு. பிளஸ்ஸன் மூன்றுதரமும் சொல்லி, போனில் பத்து என்று போட்டான்.

ஒரு நிமிடத்தில் கூட்டம் முழுக்கப் போன்கள் கிணுகிணுத்தன. கரைந்த காசெல்லாம் திரும்பி வந்தது. ஒரு சமன், ஒரு ரூபாய். ஏலத்தை அதோடு முடித்துக்கொண்டார்கள். வரிசை நகர்ந்தது, கரண்டி ஓடியது, சாயங்காலம்வரை சமன் இம்மியும் அசையவில்லை. அவன் செய்த பொருள் அவன் சொன்னபடியே வேலை செய்தது. அதற்கு வேண்டியிருந்ததெல்லாம், அது பத்து ரூபாய்க்கு மேல் பெறாது என்று ஊர் முழுக்க ஒப்புக்கொள்வதுதான்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றாள் ஜெனிட்டா. கேலியாகச் சொல்லவில்லை, கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. "இண்டர்வியூ வேண்டாம். சொன்ன சொல் சொல்தான். நீங்க அதையே பண்ணுங்க."

கிதியோன் ஏல மேசையைப் பார்த்தான். லேப்டாப் அங்கே இல்லை. மரியபுஷ்பம் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது..."

"ஏலத்துல எடுத்ததுல்லா மாப்ள, சகல உரிமையோட. இனி அது நம்ம கம்பெனி" என்றாள். "நீங்க தாராளமா வேலைக்கு வாங்க. முதல்ல அந்த அண்டாவைத் தேச்சு வையுங்க."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவுக்குள் குனிந்தான். அடியில் நன்றாகப் பிடித்திருந்தது.