கொம்பில் கறுப்புத் துணி

“அப்பா, இந்த வருஷம் மாடுங்களுக்குப் பூ கட்டக் கூடாது.”

இதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள். சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் கடைசி. விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனி. கோடை முழுக்க மலைமேல் மேய்ந்த பதினெட்டு மாடுகளும் இன்று ஊருக்கு இறங்குகின்றன. தலையில் பூமுடி இருந்தால், மேலே போன உயிர்களெல்லாம் திரும்பிவிட்டன என்று பொருள். ஒன்று குறைந்தாலும் பூ கிடையாது. முன்னால் போகும் மாட்டின் கொம்பில் கறுப்புத் துணிதான். எங்கள் டிரோல் மலையில் இது தெரியாத பிள்ளை இல்லை.

அப்பா ஊசியிலைக் கொத்தில் காகித ரோஜாவைச் செருகிக்கொண்டிருந்தார். “ஏன்டி? எந்த மாடு செத்துச்சு?”

“மாடு இல்ல.”

வெண்ணெய்ப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. ஜூலையில், பால் பொங்கி வழிந்ததற்காக அப்பா அவள் வயிற்றில் உதைத்தார். ஐந்து மாதம். ஆண். நாங்கள் தங்கும் இந்த மலைக் குடிலுக்குப் பின்னால் நான்தான் புதைத்தேன். எல்லாம் கல், மண்வெட்டி இறங்கவேயில்லை. கீழே ஊரில் யாருக்கும் தெரியாது.

“அது பொறக்கவே இல்ல. அதெல்லாம் ஒரு உயிரா?”

“கை விரல் அஞ்சும் இருந்துச்சு. நான் பாத்தேன்.”

“நம்ம வம்சத்துல எவன்டி காலேஜ் வாசலை மிதிச்சான்? உன்னை அனுப்புனேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

“செருப்பு எதுக்கு? உங்க பூட்ஸ்தான் நல்லா வேலை செய்யுதே.”

மாட்டு மணி கோத்த தோல்வாரை எடுத்துச் சுழற்றினார். மணி என் புருவத்தில் இறங்கியது. கண்ணுக்குள் ரத்தம். மறுபடி ஓங்கினார். சுவரில் சாய்ந்திருந்த வைக்கோல் அள்ளும் கவைக்கோலை எடுத்து, அதன் காம்பால் ஓங்கிய கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இன்னொரு முறையும் அடித்தேன். அவர் பூமுடியின்மேலேயே விழுந்து அலறினார்.

“ஊர் முன்னாடி என்னை நாறடிக்கப் போறியாடி!”

“ஆமா.”

ஜூலையிலிருந்தே பையில் வைத்திருந்த கறுப்புத் துணியை எடுத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். அழவில்லை.

“இறுக்கிக் கட்டு, கிரெசென்ஸ்,” என்றாள். “வழியில அவுந்துடப் போகுது.”

முகத்து ரத்தத்தைத் துடைக்காமலே தொழுவத்தைப் பார்த்து நடந்தேன்.