யாருக்குத் திறக்க வேண்டும்

சின்னத்தாய் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் ஓர் ஆள் நின்று கத்திவிட்டுப் போன மறுநாளே, அம்சவள்ளி அவளைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கலும்பாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ரவாங் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பெண் சின்னத்தாய். நிச்சயம் செய்த மாப்பிள்ளை கை நீட்டுகிறவன் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டு வந்தவள். அவன்தான் தேடி வந்திருந்தான். முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று அலைந்து விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. இளைஞர் மன்றத்தில் கேட்டிருக்கிறான், கொடுத்திருக்கிறார்கள்.

தோட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்கு அறை பார்த்துக் கொடுக்கும் மன்றம் அது. பகலில் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்த அம்சவள்ளி, சாயங்காலங்களில் அங்கே போய் உதவுவாள். யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று மன்றத்தில் இருந்தது. பெண்களின் பெயர், முகவரிகளைப் பதிந்து வைக்க அதில் ஓடிய புரோகிராமை எழுதியவர் கோலசிலாங்கூரில் கணக்கு வாத்தியாராக இருந்த பாலகிருஷ்ணன். காசு வாங்காமல், எழுதிய விதத்தையும் மறைக்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் டிஸ்க்கில் போட்டு அனுப்புவார். காப்பார், பந்திங் மன்றங்களிலும் அதுதான் ஓடியது. எங்கேயாவது ஒருவர் அதில் ஒன்றைத் திருத்தினால் பாலகிருஷ்ணனுக்குச் சொல்வார். அவர் சேர்த்து, புது டிஸ்க்கை எல்லாருக்கும் அனுப்புவார்.

நல்ல புரோகிராம்தான். ஆனால் மிஷினைத் தட்டுகிற யாருக்கும் எந்தப் பெண் எந்தத் தாமான் குடியிருப்பில், எந்த வீட்டில் இருக்கிறாள் என்று எல்லாம் தெரியும். "நான் அவ அண்ணன்" என்று அந்த ஆள் வந்து நின்றதும், மன்றத்தின் முகப்பு மேசையில் இருந்த இராஜம்மா பெயரைத் தட்டி, முகவரியை வாசித்தே காட்டிவிட்டாள். விஷயம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

முகவரிகளை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்று மன்றத் தலைவர் நல்லசாமியிடம் அம்சவள்ளி போய்ச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"அது நம்ம செஞ்ச புரோகிராம் இல்லம்மா. அப்புறம், பூட்டு போட்டா யாரை நம்பலன்னு அர்த்தம்? எல்லாம் நம்ம ஆளுங்கதானே?"

"எழுதுனவரையே கேட்டுப் பாக்கறேன், தலைவரே."

போனில் கேட்டாள். முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் பாலகிருஷ்ணன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளி பத்தாங் பெர்ஜுந்தை வழியாகக் கோலசிலாங்கூர் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வழிநெடுகச் செம்பனைத் தோட்டங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வாசலில் அவளைப் பார்த்ததும் பாலகிருஷ்ணனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் உட்காரச் சொன்னார்.

"இங்க பாரும்மா, பாஸ்வேர்டு கேக்கற மாதிரி எழுதறது பெரிய வேலை இல்ல. ஆனா அந்த டிஸ்க்க எடுத்து வேற புரோகிராம்ல தொறந்தா எல்லாம் அப்படியே தெரியும்லா. அது பொய்ப் பூட்டு. இருக்குன்னு நம்பி ஏமாறதவிட இல்லாம இருக்கறது மேல்."

"அப்ப நெஜமான பூட்டா போடுங்க, சார்."

அவர் சிரித்துவிட்டார். "என் புரோகிராம் முழுசும் உங்ககிட்டயே இருக்கு. வேணுங்கறத யாரையாவது வச்சு மாத்திக்கோங்க. என்னைக் கேக்கவே தேவையில்ல."

"நான் ரவாங்ல மாத்துனா ரவாங் பொண்ணுங்களுக்குத்தான் ஆவும். காப்பார்ல இருக்கறவளுக்கு? உங்க டிஸ்க்குல வந்தாத்தான் எல்லாருக்கும் போவும்."

அவருக்குக் கோபம் வந்தது. "பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் சொந்த நேரத்துல செய்றேன். ஆளாளுக்கு வந்து இது வேணும் அது வேணும்னா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்சவள்ளிக்கு அது உறைத்தது. என்றாலும் எழுந்து போக மனம் வரவில்லை. தேடி வந்தவனுடைய கத்தலைக் கேட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த சின்னத்தாயைப் பற்றிச் சொன்னாள்.

பாலகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. பூட்டுன்னு மொட்டையா சொன்னா எனக்குப் பத்தாது. யார் எதைப் பாக்கலாம்? யார் மாத்தலாம்? யாருக்குத் தொறக்கணும், யாருக்குத் தொறக்கக்கூடாது? அதைத் தெளிவா கொண்டு வா."

"பொம்பளைங்க மட்டும் பாக்கலாம்னு வைங்க, சார்" என்று உடனே சொன்னாள். வரும் வழியிலெல்லாம் யோசித்து வைத்திருந்தது அதுதான்.

"அந்தப் பொண்ணுங்களையே கேட்டுட்டு வா" என்றார் அவர்.

அன்றிரவே சின்னத்தாயிடம் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "என் அட்ரச குடுத்தது பொம்பளதானேக்கா."

இத்தனை தூரம் பஸ் பிடித்துப் போய்க் கேட்டது அம்சவள்ளிக்கு அரைகுறையாகப் பட்டது. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டாள். ஒருத்தி தன் அம்மாவுக்கு மட்டும் சொல்லலாம் என்றாள். ஒருத்தி தம்பி வந்தால் கட்டாயம் சொல்லச் சொன்னாள். இன்னொருத்தி, "உங்களுக்குக்கூடத் தெரிய வேணாம்க்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள். அம்சவள்ளி கோபித்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் கோலசிலாங்கூருக்குப் போனாள். "அந்தந்தப் பொண்ணு சொல்றவங்களுக்குத்தான் தொறக்கணும், சார். எங்களுக்கில்ல."

பாலகிருஷ்ணன் மோவாயைத் தடவினார். "அப்படின்னா ஆளுக்கு ஒரு சொல் வச்சுக்கட்டும், வேண்டியவங்ககிட்ட மட்டும் அதைச் சொல்லட்டும். அந்தச் சொல்லை வச்சே முகவரியக் கலைச்சு எழுதிடறேன். சொல் தெரியாதவன் டிஸ்க்க எதுல போட்டுப் பாத்தாலும் கண்டபடி எழுத்துதான் வரும். ஆனா ஒன்னு. சொல்லை அவ மறந்துட்டா நானே வந்தாலும் தொறக்க முடியாது."

"மறந்தா அவளே வந்து புதுசா எழுதிக்கட்டும்."

பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து எழுதி முடித்து டிஸ்க்கை அனுப்பினார். மன்றத்தில் நல்லசாமி அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தலைவருக்குன்னு எல்லாத்தையும் தொறக்கற ஒரு சாவி வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம், தலைவரே."

"அவசரம்னா?"

"அவசரம்னா அந்தப் பொண்ணையே தொழிற்சாலையில போயி கேக்கலாம். சாவி ஒன்னு இருந்தா அதை வாங்க ஒருத்தன் வருவான். அப்படி இருந்தா அட்ரசே குடுக்க மாட்டோம்னு பொண்ணுங்க சொல்லிட்டாங்க."

அவர் இராஜம்மாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாம இருக்கறதே நிம்மதி" என்றாள். நல்லசாமி அதன்பிறகு சாவியைப் பற்றிப் பேசவில்லை.

வேறு தாமானில் புது அறை பார்த்துக்கொண்ட சின்னத்தாய்தான் முகவரியைப் பதிய மிஷின் முன் முதலில் உட்கார்ந்தாள். எல்லாரும் திரும்பி நின்றுகொண்டார்கள். எழுத்தைத் தேடித் தேடித் தட்டியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா, நான் அடிக்கற சொல்லு கொட்ட எழுத்துல திரையிலயே தெரியுது."

அம்சவள்ளி பெட்டிக்கடை போனுக்கு ஓடினாள். மறுமுனையில் பாலகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டது இங்கேயே கேட்டது. "எழுத்துக்குப் பதிலா நட்சத்திரமா காட்டச் சொல்லி எழுத மறந்துட்டேன். அடுத்த வாரம் அனுப்பறேன்மா."

"அனுப்புங்க, சார். காப்பாருக்கும் பந்திங்குக்கும் சேத்து."

திரும்பி வந்து, பழைய பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கத்தரித்து, திரையின் மேல் மறைப்பாக ஒட்டினாள். "ம், இப்ப அடி" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு முதுகைக் காட்டி நின்றாள்.