திட்டு வைத்தியம்

அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த சிஸ்டருக்கு இடி என்று பட்டப்பெயர். உயிரை விடப் பார்த்துப் பிழைத்த இளசுகள் யார் வந்தாலும், நாடி சீரானதும் அவருடைய வைத்தியம் ஆரம்பமாகிவிடும். கட்டிலருகே நின்று வார்டே கேட்கும்படி திட்டித் தீர்ப்பார். வெளியே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் அம்மாக்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலையெல்லாம் கட்டிலில் கிடப்பவர் தலையில் கொட்டினார்.

"ஏற்கெனவே நொந்துபோய் வந்திருக்குதுங்க சிஸ்டர். நீங்க வேற ஏன்?" என்பார் டாக்டரம்மா.

"நான் திட்டி அனுப்பினதுல ஒண்ணாவது திரும்பி வந்துச்சா, சொல்லுங்க பார்ப்போம்?"

ஒருவரும் திரும்பி வந்ததில்லை என்பது உண்மைதான். சிஸ்டருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்ணுக்கும் முழு மருந்தும் கிடைத்தது. "உனக்கு வாழப் பிடிக்கலைன்னா எங்க உயிரை ஏன்டி வாங்குற? வேற வேலை இல்லையா எங்களுக்கு?" பெண் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். மனநல மருத்துவரைக்கூடப் பார்க்காமல், இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். புத்தி வந்துவிட்டது என்று சிஸ்டர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

மழைக்காலத்தில் அவளை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிஸ்டர் வாயே திறக்காமல் ஓடி ஓடி வேலை பார்த்தார். எப்படியாவது இவள் பிழைத்துவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் இருண்டது.

"நேத்தே கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"எனக்கே இப்பதான் தெரியும் டாக்டர்," என்று அம்மா தேம்பினார். "நேத்தே பயந்துபோய் மனசு மாறிட்டாளாம். ஆனா சொன்னா இங்கதானே கூட்டிட்டு வருவோம், அந்த சிஸ்டர் எல்லார் முன்னாடியும் கேவலமா பேசுவாங்கன்னு, வலியைப் பொறுத்துக்கிட்டுக் கெடந்திருக்கா."

போன தடவை வெளியே நின்றிருந்த அம்மாவுக்கு அது எந்த சிஸ்டர் என்று தெரியாது. டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சிஸ்டர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். திரும்பி வராத பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படிக் கிடந்தார்களோ?

கட்டிலருகே போனார். பெண் கண்ணைத் திறந்தாள். அவரைக் கண்டதும் போர்வையை மோவாய்வரை இழுத்துக்கொண்டாள்.

"திட்டாதீங்க சிஸ்டர். முடிஞ்சவரைக்கும் யாருக்கும் தொந்தரவு குடுக்காமதான் இருந்தேன்."