எராஸ்டோவைத் துரத்திய செம்மறி

எராஸ்டோ ம்பசீரா செம்மறிக் குலத்தான். கம்பாலாவில் இதைச் சொன்னால் போதும், அவன் எந்தக் கறியைத் தொடமாட்டான் என்று கறிக்கடைக்காரன் முதல் கல்யாணச் சமையல்காரன் வரை எல்லோருக்கும் விளங்கிவிடும். தன் குலத்தின் பெயரில் உள்ள பிராணியை யாரும் தின்னக்கூடாது. குரங்குக் குலத்தார் குரங்கைத் தின்னாமல் இருப்பதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. யானைக் குலத்தாருக்கு ஆசை வந்தாலும் அந்த அளவுக்குச் சட்டி கிடைக்காது. செம்மறிக் குலத்தார்தான் பாவம், விருந்துக்கு விருந்து வாழைக்காய் மசியலை மட்டும் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். எராஸ்டோவும் முப்பத்து நான்கு வருடம் ஒழுங்காக அப்படித்தான் உட்கார்ந்திருந்தான், லுக்காயாவில் அந்தச் சனிக்கிழமை வரும்வரை.

மசாக்காவில் மாமனாரைப் பார்த்துவிட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் லுக்காயா என்ற ஊரில் வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகப் பத்துப் பன்னிரண்டு கைகள் உள்ளே வந்துவிட்டன. எல்லாக் கையிலும் சுட்ட கறி கோத்த குச்சிகள். முதுகில் 47 என்று எண் போட்ட நீலக் கோட்டுக்காரன் ஒருவன், "வெள்ளாடு! வெள்ளாடு!" என்று அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். எராஸ்டோ இரண்டு குச்சி வாங்கித் தின்றான். வண்டி பூமத்திய ரேகையைத் தாண்டிய பிறகு பக்கத்து இருக்கைக்காரர் ஏப்பம் விட்டார்.

"இன்னிக்குச் செம்மறி பதமா வெந்திருக்கு" என்றார்.

"வெள்ளாடுன்னுதானே சொன்னான்?"

"சொல்லுவான். அந்தக் கொழுப்பைப் பாத்தீங்களா? வால் கொழுப்பு. வெள்ளாட்டுக்கு ஏது தம்பி அவ்வளவு வாலு?"

எராஸ்டோ வெறும் குச்சி இரண்டையும் ஜன்னல் வழியாக வெளியே எறிந்தான். குலப்பிராணியைத் தின்றவனுக்குத் தோல் உரியும், பல் ஆடும் என்று அவன் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தின்றுவிட்டால் அந்தப் பிராணியின் அடையாளத்தோடுதான் பிள்ளை பிறக்கும் என்றும் சொல்வார்கள். பெனினாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

கம்பாலாவில் இறங்கி, கால் போன போக்கில் ஒவினோ சந்தைக்குள் நுழைந்து, பழைய துணிக் குவியலில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். கழுத்துச் சீட்டில் ஏதோ புரியாத பாஷை. நைலான் என்றான் விற்றவன். பெனினாவிடம் சட்டையைக் காட்டினான். குச்சியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சட்டை ஏன் என்றால், அவன் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் குளிர். அங்கே நிறைமாலைமானி என்று, மூலக்கூறுகளை எடை போடும் ஒரு மெஷின் இருக்கிறது. புதுப்பெண்ணைப் போல அதற்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது, மின்சாரம் ஒரு நொடி போனால் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்காகப் புதிதாகக் குளிர்சாதனம் மாட்டியிருந்தார்கள். மாட்டிய அன்று சுவரில் இருந்த பல்லி ஒன்று விறைத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எடுத்து ஜன்னல் வெயிலில் வைத்ததும் எழுந்து, ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் போனது.

எராஸ்டோவின் வேலை, மலேரியா கண்ட குழந்தைகளின் ரத்தத்தில் என்னென்ன புரதம் இருக்கிறது என்று பார்ப்பது. ரத்தநீரில் உள்ள புரதங்களை ஒரு நொதியை விட்டுத் துண்டு துண்டாக நறுக்குவான். துண்டுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து அந்த மெஷின் காற்றே இல்லாத குழாயில் பறக்கவிடும், பறக்கும்போதே ஒவ்வொன்றையும் எடை போடும். எடையை வைத்துக் கம்ப்யூட்டர் இது இன்ன புரதம், இன்ன பிராணியுடையது என்று பட்டியல் கொடுக்கும். ஒரு கொசுவின் கண்ணீரைக் கொடுத்தாலும் தசம சுத்தமாக எடை போட்டுவிடும். கொசுவை அழவைப்பதுதான் நம் பாடு.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. மனிதன், மனிதன், மனிதன். எட்டாவது வரியில்: கெரட்டின், செம்மறி.

முடி, நகம், தோல் எல்லாம் கெரட்டினால் ஆனவை. மனிதக் கெரட்டின் தினமும் வரும். வேலை செய்பவர்களின் தோல்தூள் விழுந்து வருவது அது. அந்த வரியைத் திட்டிக்கொண்டே அழிப்பார்கள். ஆனால் செம்மறி? எராஸ்டோ கதவைப் பார்த்தான். யாரும் இல்லை. அந்த வரியை அழித்தான்.

செவ்வாய்க்கிழமை ஆறாவது வரிக்கு ஏறியிருந்தது. புதன்கிழமை ரத்தமே சேர்க்காமல் வெறும் தண்ணீரை மட்டும் மெஷினுக்குக் கொடுத்தான். தண்ணீரில் செம்மறி முதல் வரியில் நின்றது.

அன்றைக்கே கழுத்தில் அரிப்பு ஆரம்பித்தது. கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்தான். கழுத்தைச் சுற்றிச் சிவந்து, தோல் லேசாக உரிந்திருந்தது. பல்லை ஆட்டிப் பார்த்தான். ஆட்ட ஆட்ட ஆடுவது போலத்தான் இருந்தது.

அதன்பிறகு அவன் கறியே தொடவில்லை. கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவினான். தேய்த்த இடத்திலும் தோல் உரிந்தது. வீட்டில் பெனினா வயிற்றைத் தடவிக்கொண்டே, "உள்ள முட்டிக்கிட்டே இருக்கு, கொம்பு வச்சவன் மாதிரி" என்று சிரித்தாள். எராஸ்டோ கையிலிருந்த டீயைத் தரையில் விட்டான்.

ஆய்வுக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவள் கெமிகிசா. மேற்கே டோரோப் பக்கத்துக்காரி. அவளிடம் வியாழக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அண்ணே, நறுக்குற நொதி பன்னிக் கணையத்துலேருந்து வருது. தினமும் பட்டியல்ல பன்னி நிக்குது. அதுக்கு யாராவது பயந்தோமா?"

"பன்னி எனக்கு என்ன உறவு? இது என் குலம்மா. தேடி வருது."

"தேடி வர்றதுக்கு அது என்ன கடன் வசூலா? ரெண்டு குச்சி தின்னீங்க. அது ஒரு கால் பங்கு ஆடுகூட இல்ல."

"சிரிக்காத. தண்ணியில வருது. வெறும் தண்ணியில!"

"அப்ப ஆட்டுக்குத் தாகம் போல" என்று சொல்லிவிட்டு அவள் குழாய்களை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எராஸ்டோ எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று தகவல் சொன்னான். பொய்யில்லை. ராத்திரி முழுக்கப் பல்லை ஆட்டிப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தான். தலைமை ஆய்வாளர் டாக்டர் ஒபுவாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தான். வேலையை விட்டாலும் செம்மறி விடுமா? அது பாட்டுக்குப் பிள்ளையிடம் போய்விட்டால்?

பதினொரு மணிக்குக் கெமிகிசாவின் போன் வந்தது.

"அண்ணே, உங்க செம்மறி என்னைப் பிடிச்சிருச்சு."

"என்ன சொல்ற?"

"என் பட்டியல்லயும் வருது. இதுவரைக்கும் எனக்கு ஒருநாளும் வந்ததில்ல. நான் ஞாயித்துக்கிழமை தவறாம செம்மறி தின்னுறவ, அதுக்கெல்லாம் வராத செம்மறி இன்னிக்கு வருது."

"நீ என் நாற்காலியில உக்காந்தியா?"

"உக்காந்தேன். குளிருச்சு, அதுல தொங்கின உங்க சட்டையையும் எடுத்து மாட்டிக்கிட்டேன். ஐயோ, அது என்னா அரிப்பு அரிக்குது அண்ணே, இந்தக் கழுத்துல…"

எராஸ்டோ தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான்.

எராஸ்டோ ஓடிப்போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஒபுவா சட்டையைச் செத்த எலியைப் பிடிப்பதுபோல் இடுக்கியால் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நூலை உருவி, கரைத்து, நறுக்கி, மெஷினுக்குக் கொடுத்திருந்தார்கள். திரையில் செம்மறி மலை மலையாக எழுந்தது. அந்த ஒரு நூலுக்குள் ஒரு மந்தையே இருந்தது.

"சுத்தமான கம்பளி" என்றார் டாக்டர். "குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்துல கதவுலயே எழுதிப் போட்டிருப்பான், கம்பளி போட்டுக்கிட்டு உள்ள வராதேன்னு. நம்ம ஊருல எவன் கம்பளி போடப்போறான்னு நான் எழுதல. ஏன்யா, மூணு நாளா வந்துச்சே, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"குல விஷயம் டாக்டர்."

டாக்டர் ஒபுவா வடக்கத்திக்காரர், இந்தக் குலக் கணக்கு அவருக்குப் பிடிபடாது. அவர் சட்டையைப் பார்த்தார், எராஸ்டோவைப் பார்த்தார், பிறகு கதவில் ஒட்டத் தாள் தேடப் போனார்.

மெஷினில் வந்த செம்மறி சட்டையில் இருந்து வந்தது. சரி. கழுத்து அரிப்பும் அதனால்தான். அதுவும் சரி. ஆனால் குச்சியில் இருந்தது என்ன? எராஸ்டோ அடுத்த சனிக்கிழமை வேலை மெனக்கெட்டு லுக்காயாவுக்குப் போய் 47-ஆம் எண்ணைக் கண்டுபிடித்தான்.

"அன்னிக்கு எனக்கு வித்தது வெள்ளாடா, செம்மறியா?"

"உங்களுக்கு எது வேணும் ஐயா?"

"எது வேணும்னு இல்ல. எது வித்தே?"

"வெள்ளாடு கேக்குறவங்களுக்கு வெள்ளாடு, செம்மறி கேக்குறவங்களுக்கு செம்மறி. நான் பொய் சொல்றதே இல்ல" என்று சொல்லி, இரண்டுக்கும் ஒரே கட்டிலிருந்து குச்சியை உருவிக் காட்டினான்.

ஆக, பயம் போனது பாதிதான். மீதிப் பாதி இரண்டு மாதம் அவனோடு படுத்து அவனோடு எழுந்தது. பிரசவத்தன்று மதியம் மருத்துவமனை நடையில் அவன் நடந்த நடைக்கு லுக்காயா வரை போய் வந்திருக்கலாம். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பெண் குழந்தை. கொம்பு இல்லை. விரல்களை எண்ணினான், குளம்பு இல்லை. மெல்லத் துணியை விலக்கினான்.

தோளிலும் முதுகிலும் பூனைமுடி போல மெத்தென்று சுருள் சுருளாக முடி.

எராஸ்டோ ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னய்யா ஆச்சு?" என்றாள் நர்ஸ். "பிறந்த புள்ளைக்கு முடி இருக்கும். ரெண்டு வாரத்துல உதிர்ந்துரும். முதல் புள்ளையா? முகத்தைப் பாத்தாலே தெரியுது. உக்காருய்யா, நீ விழுந்தா தூக்க இங்க ஆள் இல்ல."

அவன் உட்கார்ந்தான். மறுநாள் பெனினா தூங்கியபோது சின்னக் கத்தரியால் அந்த முடியில் நாலு இழை வெட்டி, மூடிபோட்ட குழாயில் போட்டுக்கொண்டு, பருத்திச் சட்டையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போனான். கரைத்தான். நறுக்கினான். மெஷின் எடை போட்டுக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பல் ஆடவில்லை.

பட்டியல் வந்தது. கெரட்டின், மனிதன். கெரட்டின், மனிதன். கெரட்டின், மனிதன். கீழே வழக்கமான பன்றி. கடைசிப் பக்கம்வரை விரலை வைத்துத் தேடினான். செம்மறி இல்லை.

எல்லோரும் திட்டிக்கொண்டே அழிக்கும் வரி அது. அதைப் பார்த்து ஒருவன் விம்மி விம்மி அழுதது அந்த ஆய்வுக்கூடத்தில் அதுதான் முதல் தடவை.

கெமிகிசா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, கையுறை போட மறந்துட்டீங்க. அது பாதி உங்க தோலா இருக்கும்."

"இருக்கட்டுமே" என்றான் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நானும் மனுஷன்னுதானே வந்திருக்கு."

அந்தத் தாளை மடித்துக் கொண்டுபோய்க் குழந்தையின் கட்டில் தலைமாட்டில் ஒட்டினான். பெனினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க போட்டிருக்கு இதுல?"

"நம்ம பொண்ணு மனுஷின்னு."

பெனினா அவனையே பார்த்தாள். "உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

"இப்ப இல்ல" என்றான் எராஸ்டோ.