தெற்கு வாசலில் ஒரு மூச்சு

தியோங்கீ காலையிலேயே போய்விட்டார். டாக்டர் சொன்னார், நர்ஸும் சொன்னாள். சியூயிம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. புருஷனின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டு, சிலிண்டரும் கூடவே வரட்டும் என்றாள். ஆம்புலன்ஸ் டிரைவரும் அவர்களைப் போலவே சீனாவின் ஃபூஜியன் கடற்கரைக்காரன்தான். ஏன், எதற்கு என்று கேட்காமல் மாட்டினான். வெளியே செத்தவரை அவர்கள் ஊரான கோட்டைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது வழக்கம். உயிரோடு வந்து தன் வீட்டுக் கூடத்தில் சாகலாம். பிணமாக வருகிறவர்களுக்கு மதிலுக்கு வெளியே தகரக் கொட்டகைதான்.

தெற்கு வாசலுக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. மீன் ஏற்றும் தள்ளுவண்டி ஒன்றில் அவரைக் கிடத்தி, சிலிண்டரைக் காலடியில் வைத்து இருவரும் தள்ளினார்கள். மறுநாள் கடல் தெய்வமான மாட்சூ அம்மனின் பல்லக்கு என்பதால், கோட்டை பார்க்க வந்த கூட்டம் வாசலில் நெரிந்தது. நடுவில் கோயில் தலைவர் கோக்ஹூய் கைகளை விரித்து நின்றார். வாலிபம் முழுக்க தியோங்கீயோடு ஒரே படகில் போனவர்.

"தங்கச்சி, ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குப் போன் வந்தாச்சு. வண்டியத் திருப்பு."

"போன்ல யாரு பேசினா? இவரா பேசினாரு?"

"வெளையாடாத. நாளைக்கு அம்மா புறப்பாடு. ஊரு பூரா வெளியாளுங்க."

"அவங்க டிக்கெட் வாங்கிட்டு உள்ள போலாம், இங்க பொறந்தவரு போகக் கூடாதா? மூச்சு இருக்குண்ணே. வழிய விடு."

வெளியூர்ப் பெண் ஒருத்தி படமெடுக்க செல்போனைத் தூக்கினாள். சியூயிம் பார்த்த பார்வையில் போன் பைக்குள் போனது.

கடற்கொள்ளைக்காரனைத் தடுக்கக் கட்டிய மதில் இது. எத்தனை புயலில் இந்த மதிலைக் குறிவைத்து தியோங்கீ படகைத் திருப்பியிருப்பார்! இன்று அவரையே தடுப்பதா?

"சந்தேகமா இருந்தா மூக்குல வெரல் வெச்சுப் பாரு. எல்லாருக்குந்தான் சொல்றேன். தைரியம் இருக்கறவங்க வாங்க!"

ஒருவரும் அசையவில்லை. பிணத்தைத் தொட்டவன் பல்லக்கைத் தொட முடியாது. கோக்ஹூய்க்குப் பல்லக்கின் முன்கொம்பைத் தூக்கும் உரிமை. அந்த உரிமைக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பேச்சை விட்டவர் அவர்.

அவள் வண்டியைத் தள்ளினாள். சக்கரம் கோக்ஹூயின் செருப்பில் முட்டி நின்றது.

"பாத்துண்ணே. காலு போச்சுன்னா பல்லக்கும் போச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோக்ஹூய் முகம் சிவந்து விலகினார்.

வீட்டு வாசற்படி உயரம். வண்டி ஏறவில்லை. டிரைவர் தலைமாட்டைத் தூக்கிவிட்டான். கால்மாடு அவள் கைக்கு அடங்கவில்லை. இருமுறை முயன்றாள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நகரு."

கோக்ஹூய் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாண்ணே. நாளைக்கு முன்கொம்பு..."

"மூச்சு இருக்குன்னு நீதானே சொன்ன? மூச்சு இருக்கறவனத் தொட்டா என்ன தீட்டு?" அவர் குனிந்தார். "கேட்டா யாருகிட்ட வேணா சொல்றேன். சூடாத்தான் இருந்தான்."

குளிர்ந்து விறைத்த கால்களை அவர் மார்போடு அணைத்துத் தூக்கினார்.

கூடத்துப் பலகையில் கிடத்தியதும் சியூயிம் சிலிண்டரைத் திருகி மூடினாள். மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தில் பதிந்திருந்த வாரின் தடத்தை விரலால் நீவிவிட்டாள்.

"வீட்டுக்கு வந்துட்டோம்யா. இப்ப போ."

அதற்கப்புறம்தான் அழுதாள், தெற்கு வாசல்வரை கேட்கும்படி.