கடுதாசியில் போட்டிருந்தது

ஒவ்வொரு மாதமும் இருபத்திரண்டாம் தேதி ஜெயசுதா பொய் எழுதினாள். அவளைக் கேட்டால் அதைப் பொய் என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்ட உண்மை என்பாள்.

எம்.எல்.ஏ. கோகுலகிருஷ்ணனின் அலுவலகம் குரும்பலூர் போகிற ரோட்டில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. தொகுதி மக்களுக்கு மாதாமாதம் அவர் எழுதுவதாகச் சொல்லப்படும் கடிதத்தை எழுதுவதுதான் ஜெயசுதாவின் வேலை. நான்கு பக்கம். முன்னால் அவர் கைகூப்பி நிற்கும் படம். உள்ளே எந்தத் திட்டத்துக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, எந்த ஆஸ்பத்திரியில் என்ன வசதி வந்திருக்கிறது, யாருக்கு எந்த நம்பரில் போன் பண்ணுவது என்று எல்லாம் இருக்கும். ஒன்றாம் தேதி ரேஷன் கடையில் அரிசியோடு சேர்த்துக் கையில் திணிப்பார்கள். ஊர்களில் அதற்கு எம்.எல்.ஏ. கடுதாசி என்று பேர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கடுதாசிதான். அதைப் பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்கள் உண்டு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் உண்டு. ஜனங்கள் அதை நம்பினார்கள். வினை அங்கேதான் பிறந்தது.

ஒன்றாம் தேதி கொடுக்க வேண்டியது இருபத்திரண்டாம் தேதியே அச்சுக்குப் போயாக வேண்டும். அதனால் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். அரசாணை வந்துவிட்டால் போதும், காரியமே நடந்துவிட்டதாக எழுதிவிடலாம். "மக்கள் கைக்குப் போறப்ப நடந்திருக்கும்மா" என்பார் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் பழனிவேல். பெரும்பாலும் நடந்தும் இருக்கும். குடிநீர்த் தொட்டியோ பஸ் நிழற்குடையோ பத்து நாள் பிந்தினால் யார் குடி முழுகிவிடப் போகிறது?

அப்படித்தான் வெள்ளாம்பட்டி ஆரம்ப சுகாதார நிலையம் பற்றியும் எழுதினாள். இனி இரவும் பகலும் திறந்திருக்கும், பாம்புக்கடிக்கு உடனே ஊசி போடப்படும் என்று. அரசாணை வந்திருந்தது. ஊசி மருந்து வரவில்லை, இரவு நர்ஸும் வரவில்லை. மாலை நாலு மணிக்குப் பழையபடி பூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் எட்டாம் தேதி பழனிவேல் போனில் யாரையோ பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் வெள்ளாம்பட்டிக்கு ஆறு பெட்டி மருந்தும் ஒரு நர்ஸும் போய்ச் சேர்ந்தாக வேண்டுமாம். எழுதியது ஒரு வாரம் பிந்தியாவது உண்மையாகிறதே என்று ஜெயசுதாவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பாவி, ஏன் இந்த அவசரம் என்று அவள் கேட்கவில்லை.

பதினைந்தாம் தேதி காலையில் ஒரு பெண் படியேறி வந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போர்த்தியிருந்தாள். கையில் அந்த மாதத்துக் கடுதாசி, நாலாக மடித்தது.

"இத எழுதுறது நீங்கதாங்களா மேடம்?"

"சார் சொல்றத எழுதுறேன். உக்காருங்கம்மா."

"உக்கார நேரமில்லைங்க. கருமாதி முடியாம நான் வாசப்படி தாண்டக் கூடாது. வூட்டுல தெரியாம வந்திருக்கேன்."

பெயர் தனம். வெள்ளாம்பட்டி. புருஷன் முத்தமிழ்செல்வனை மூன்றாம் தேதி மாலை ஐந்தரை மணிக்குச் சோளக்காட்டில் கண்ணாடிவிரியன் கடித்திருக்கிறது. அவன் தம்பி தமிழழகன் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிறவன், போனிலேயே சொன்னானாம், எங்கும் நிற்காமல் பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று. தனம்தான் கேட்கவில்லை. கடுதாசியில் போட்டிருக்கிறது, நம்ம ஊரிலேயே ஊசி இருக்கிறது என்று பக்கத்துக் காட்டுச் செல்லமுத்துவின் வண்டியில் உட்கார வைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனாள். பூட்டியிருந்தது. இதோ வந்துவிடுவார்கள், டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று முக்கால் மணி நேரம் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். இரவும் பகலும் என்று அச்சில் இருக்கும்போது வராமலா போவார்கள்? அப்புறம் ஒரு லோடு ஆட்டோ பிடித்துப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனான்.

"அந்நேரம் போவக் கூடாதுங்களா மேடம்? நேரம் எதும் உண்டுங்களா?" என்று தனம் கேட்டாள். அவள் சண்டைக்கு வரவில்லை. தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

ஜெயசுதா எழுந்து நின்றாள். "உங்க மேல தப்பில்லம்மா" என்றாள்.

"அத அங்க வந்து சொல்லுங்க. நாந்தான் வழியில நிறுத்தி வச்சுக் கொன்னுட்டேங்கறாங்க. வர்ற இருவத்தொண்ணு கருமாதி. பங்காளிங்க கூடிப் பேசுவாங்க. பிள்ளைங்க ரெண்டையும் வச்சுக்கிட்டு, என்னைய ஜெயங்கொண்டத்துக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் பத்தி விட்டுறதாப் பேச்சு. காசு பணம் ஒண்ணும் வேணாங்க. கடுதாசியில தப்பாப் போட்டுட்டோம்னு ஒரு வார்த்த. அது போதும்."

"வரேன்" என்றாள் ஜெயசுதா. யோசிக்குமுன் வாயில் வந்துவிட்டது.

அன்றே அடுத்த கடுதாசிக்கு ஒரு பத்தி எழுதினாள். வெள்ளாம்பட்டி பற்றிச் சென்ற மாதம் அச்சானது தவறு, அன்றைக்கு அங்கே மருந்து வந்திருக்கவில்லை, வருந்துகிறோம். மூன்றே வரி. பழனிவேல் இரண்டு தடவை படித்தார்.

"இத அச்சடிச்சா எதிர்க்கட்சிக்காரன் மைக் வச்சுப் படிப்பான். இப்ப மருந்து இருக்குல்ல? நர்ஸ் இருக்குல்ல? அப்பறம் என்ன தப்பு?"

"அன்னிக்கு இல்லையே சார்."

"பூட்டுக்கு வெளிய நின்னவங்களுக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அக்கறையாகவே கேட்டார். "நம்ம சிந்துவுக்கு நர்சிங் இன்னும் ரெண்டு வருஷம் இருக்குல்லம்மா?"

சிந்து ஜெயசுதாவின் ஒரே மகள். ஜெயசுதாவைக் கட்டினவன் விட்டுவிட்டுப் போன பிறகு, திருச்சியில் அந்தப் பிள்ளைக்கு இடம் வாங்கிக் கொடுத்தது எம்.எல்.ஏ.தான். செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று இருக்கிறதே, அது மனிதர்களை என்ன பாடு படுத்திவிடுகிறது. ஜெயசுதா தன் நாற்காலிக்குப் போனாள். ஆனாலும் நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

இருபத்தொன்றாம் தேதி எம்.எல்.ஏ.வே கருமாதிக்குக் கிளம்பினார். படம் எடுக்க ஓர் ஆள், மாலை, பழனிவேல், ஜெயசுதா. வெள்ளாம்பட்டியில் துணிப் பந்தலுக்குக் கீழே அறுபது எழுபது பேர் இருந்தார்கள். தலைப்பாகை கட்டு முடிந்து, மொட்டையடித்திருந்த மூத்த பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். தனம் சுவரோரமாக இருந்தாள், காலையில்தான் தாலி இறக்கியிருந்தார்கள். ஜெயசுதாவைக் கண்டதும் அவள் முகம் தெளிந்ததே, அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எம்.எல்.ஏ. படத்துக்கு மாலை போட்டார், பிள்ளையின் தலையைத் தடவினார், பத்து நிமிஷம் நல்லபடியாகப் பேசினார். எழுந்திருக்கப் போகும்போது தமிழழகன் முன்னால் வந்தான். பக்கத்தில் மூத்த பங்காளி ஆண்டவர்.

"ஒண்ணு கேக்கணுங்க. முந்தாநாளு நாங்க ஆஸ்பத்திரியப் போயிப் பாத்தோம். மருந்து பெட்டி பெட்டியா இருக்கு. நர்சம்மா பின்னால குவார்ட்டர்ஸ்லயே இருக்கறாங்க, எப்ப வந்தீங்கன்னு கேட்டா ஆபீஸ்ல கேளுங்கங்கறாங்க. எங்கண்ணி அன்னிக்கு ஒண்ணுமே இல்லைங்குது. எது நெசங்க?"

"மருந்து இருக்கறதத்தான் நீங்களே பாத்துட்டீங்களே" என்றார் எம்.எல்.ஏ.

"இப்ப இருக்குங்க. அன்னிக்கு இருந்துச்சான்னுதான் கேள்வி" என்றார் ஆண்டவர். "ஒரு பொம்பளப் பிள்ள வாழ்க்க சமாசாரம். தீர விசாரிச்சுத்தான் பேசணும்."

எம்.எல்.ஏ. திரும்பினார். "நம்ம ஜெயசுதாதான் விசாரிச்சு எழுதுறது. நீயே சொல்லும்மா."

அத்தனை தலைகளும் திரும்பின. இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால், பொய்யை எழுதியது நான் என்று சொல்ல வேண்டும். செத்தவனின் மொட்டைத்தலைப் பிள்ளைக்கு முன்னால், இந்த அறுபது பேருக்கு முன்னால். பழனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.எல்.ஏ. தன் மகளைப் பார்ப்பதுபோல் கனிவாக அவளைப் பார்த்தார்.

"இருந்துச்சுங்க" என்றாள் ஜெயசுதா.

அவ்வளவுதான். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது. "பொறத்தால போயி ஒரு தட்டுத் தட்டியிருந்தா நர்சம்மா வந்திருக்கும். ஆளே இல்லாத கதவப் போட்டுத் தட்டிக்கிட்டு நின்னிருக்கா" என்றாள் யாரோ ஒருத்தி. செல்லமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு நாமும்தானே கூட நின்றோம் என்று அடங்கிவிட்டார். ஆண்டவர் பெருமூச்சு விட்டு, பிள்ளைகள் சித்தப்பன் வீட்டில் இருக்கட்டும் என்றார். தமிழழகன் அழுதான். அவனும் கெட்டவன் இல்லை, அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன்.

ஜெயசுதா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தனம் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். வேண்டியும் கொண்டாள் என்றே சொல்ல வேண்டும். தனம் வந்தாள். கண்ணாடியைத் தட்டினாள். ஜெயசுதா இறக்கினாள்.

"பொறத்தால ஆளு இருக்கும்னு எனக்குத் தோணலைங்க மேடம். அந்தப் பதட்டத்துல புத்தி வேல செய்யல" என்றாள் தனம். குரல் எழும்பவே இல்லை. "தெரியாம உங்க மேல பழியப் போடப் பாத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

முன்சீட்டிலிருந்து எம்.எல்.ஏ. "போலாம்ப்பா" என்றார்.

தனம் ஓடுகிற காரோடு நாலு எட்டு கூடவே நடந்தாள். "இத மட்டும் கடுதாசியில போட்டுறாதீங்க மேடம். பிள்ளைங்க எழுத்துக் கூட்டிப் படிக்கும்" என்று கேட்டுக்கொண்டாள்.