சொன்ஹீயின் கட்டைவிரல்

எல்லாரும் சௌக்கியந்தானே? மழைக்கு முழங்கால் குடைச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே சாங்வோன் நகரில், எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள உயர்மின் சோதனைக்கூடத்தில், இறந்துபோன ஒரு பெண்ணின் கட்டைவிரல் பட்ட இடத்தில்தான் நான்கு வருஷம் மின்பொறி விழுந்தது.

அவள் பெயர் சொன்ஹீ. கணவர் பியோ அங்கே உலோகத் தட்டுகளுக்கு வடிவம் வரைகிறவர். இரண்டு தட்டுகளை எதிரெதிரே நிறுத்தி மின்சாரம் ஏற்றினால், நடுவில் அதன் விசை எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரம் கூராக இருந்தால் மின்சாரம் அங்கே குவிந்து பொறி பாய்ந்துவிடும். அதனால் ஓரத்தை மெல்ல மெல்லப் பின்னுக்கு வளைப்பார். அந்த வளைவை மெருகேற்றுவது சொன்ஹீயின் வேலை. "உங்க கணக்கு காகிதத்துல அழகாத்தான் இருக்கு, என் கையில உறுத்துதே" என்பாள். அவரும் வளைவைத் திருத்துவார்.

கையுறை இல்லாமல் தட்டைத் தொடக்கூடாது. ஆனால் புற்றுநோய் மருந்தில் அவள் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. கடைசியாக வேலைக்கு வந்த அன்று, உறை வழியாக ஒன்றும் தெரியவில்லை என்று அதைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் ஓரத்தை ஒருமுறை தடவினாள். பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எப்போது மின்சாரம் ஏற்றினாலும் பொறி அவள் கட்டைவிரல் பதிந்த ரேகையில்தான் விழுந்தது. ஆளாளுக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். மறுநாள் காலை ரேகை திரும்பியிருக்கும். பியோ மட்டும் துடைக்கவில்லை. பொறி வெட்டும் நொடியில் ரேகையின் சுழி தெரியும். அதைப் பார்க்கத்தான் அவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

தட்டை உருக்கிவிட்டு, மெருகில் பிழை என்று எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. மேலாளர் குவாக் வயதில் சின்னவர். "அண்ணே, நீங்க துடைச்சாத்தான் போகும்னு எல்லாருக்கும் தெரியும். அண்ணி வேலை சரியில்லன்னு என்னைய எழுத வச்சுறாதீங்க" என்றார்.

பியோ துடைத்தார். ரேகை போயிற்று.

மறுநாள் ஆறு லட்சம் வோல்ட் ஏற்றினார்கள். விழுவதற்கு ஓர் இடம் இன்னொன்றைவிடத் தோதாக இல்லாததால், மின்சாரம் நடுவிலேயே நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்தும் இறங்கவில்லை. பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தட்டில் சும்மா ஒரு விரலை வைத்து, பொறி விழ ஓர் இடம் கொடுத்து இறக்கிவிடுங்களேன் என்று குவாக் பியோவிடம் கேட்டுப் பார்த்தார்.

"என் ரேகையில விழுந்தா அதுல நான் என்னத்தப் பாக்குறது?" என்றார் பியோ.

அது அப்படி நின்று ஏழு வருஷமாகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் குத்திட்ட தலைமயிரைப் படிய வாரிக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள். அவள் நினைவுநாளில் பியோ தட்டுகளைச் சுற்றியுள்ள வேலியின் கதவைத் திறந்துவைத்துச் சோறும் சூப்பும் படைக்கிறார். ஒரு பொறியும் விழுவதில்லை. ஆறியதை அவரே சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். உங்கள் பக்கம் இறங்காமல் நிற்பது எது, எத்தனை வருஷமாக நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.